குதிரையைக் கவிழ்த்துப் பாருங்கள்: பழைய விலங்கு பொம்மைகளில் எது அரிது?

மாட்டுச் சந்தையில் விவரம் தெரிந்தவர் மாடு வாங்குவதைக் கவனித்திருக்கிறீர்களா? முகத்தழகில் மயங்க மாட்டார். நேரே வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று தடவுவார், நாலு எட்டு நடக்கவிட்டுக் காலைப் பார்ப்பார், அதற்கப்புறம்தான் துண்டுக்குள் கையை விட்டு விலை பேசுவதெல்லாம். பழைய விலங்கு பொம்மைகளைச் சேகரிப்பதும் ஏறக்குறைய இந்தச் சந்தை வேலைதான். பொம்மைக்குப் பல் கிடையாது, அதனால் கவிழ்த்து வயிற்றைப் பார்க்கிறோம்.

எனக்கு இந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தது ஒரு கறுப்புக் குதிரை. இணைய ஏலம் ஒன்றில் "மிகப் பழையது, மிக மிக அரிது" என்று போட்டிருந்தார்கள். படத்தில் பளபளவென்று நின்றது. நானும் சம்பளம் வந்த வாரமாக இருந்ததால் விலையை ஏற்றிக்கொண்டே போய் ஜெயித்துவிட்டேன். பார்சல் வந்தது, பிரித்தேன், அலமாரியில் நடுவில் வைத்தேன், இரண்டு நாள் வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன். மூன்றாம் நாள் ஜன்னலோர வெளிச்சத்தில் துடைக்கும்போது இடது காதுக்குப் பின்னால், பிடரி மயிர் மடிகிற இடத்தில், அரிசி அளவுக்கு ஒரு செவலைப் புள்ளி. பிரஷ் போகாத இடம். எங்கே பார்த்தாலும் கிடைக்கிற ஒரு சாதாரண செவலைக் குதிரைக்கு யாரோ வீட்டில் உட்கார்ந்து கறுப்பு அடித்திருக்கிறார்கள்! விற்றவருக்கு எழுதினேன், பதில் வரவில்லை.

ஒரே உருவத்தில் ஒன்று சல்லிக்காசுக்குப் போகிறது, இன்னொன்றுக்கு ஆட்கள் அடித்துக்கொள்கிறார்கள். ஏன் என்று புரிந்துவிட்டால் இந்தப் பொழுதுபோக்கில் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

முதலில் எதைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலங்கு உருவங்கள் என்பது பெரிய கடல். 1730களிலேயே ஜெர்மனியின் சாக்சனியை ஆண்ட அகஸ்டஸ், டிரெஸ்டனில் இருந்த தன் மாளிகைக்கு நிஜ அளவு விலங்குகளாகப் பீங்கானில் செய்யச் சொல்லி மைசன் ஆலையைப் பாடாய்ப் படுத்தினார். அவ்வளவு பெரிய பீங்கான் சூளையில் தாங்காமல் வெடித்தது, அந்த வெடிப்புகளோடே அவை இன்று அருங்காட்சியகங்களில் நிற்கின்றன. அந்த உயரத்துக்கு நாம் போக வேண்டாம். சாதாரண ஆட்கள் சேர்க்கிற இரண்டு வகையை எடுத்துக்கொள்வோம். ஒன்று அமெரிக்காவின் ப்ரேயர் பிளாஸ்டிக் குதிரைகள். இன்னொன்று இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் ஈய மாடு, ஆடு, யானைகள். இந்த இரண்டும் பிடிபட்டால் மற்றதெல்லாம் இவற்றின் அண்ணன் தம்பிதான்.

ப்ரேயர் முதலில் பொம்மைக் கம்பெனியே இல்லை. சிகாகோவில் மற்றவர்களுக்குப் பிளாஸ்டிக் சாமான் வார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த பட்டறை. 1950-ஐ ஒட்டி மாஸ்டர்கிராஃப்டர்ஸ் என்ற கடிகாரக் கம்பெனி, மேசைக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் நிற்க ஒரு குதிரை வேண்டும் என்று கேட்டது. செய்து கொடுத்தார்கள். வேலை முடிந்ததும் கூலிக்குப் பதிலாக அந்த அச்சையே ப்ரேயர் வைத்துக்கொண்டது என்பது அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்கிற கதை. பார்த்தால் ஜனங்களுக்குக் கடிகாரத்தைவிடக் குதிரை பிடித்துப்போனது. தனியாக விற்க ஆரம்பித்தார்கள், எண் 57, 'வெஸ்டர்ன் ஹார்ஸ்'. அதற்கப்புறம் கிறிஸ் ஹெஸ் என்ற சிற்பி 1980களின் நடுப்பகுதி வரை வரிசையாகக் குதிரைகளைச் செதுக்கித் தள்ளினார். குதிரை மட்டுமில்லை, காளை, கழுதை, நாய், யானை, காட்டெருமை என்று ஒரு பண்ணையே உண்டு.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். உருக்கிய பிளாஸ்டிக்கை அழுத்திச் செலுத்துகிற எஃகு அச்சு இருக்கிறதே, அதைச் செய்வதுதான் பெரிய செலவு. ஒருமுறை செய்துவிட்டால் முதலாளி அதை லேசில் தூக்கிப் போட மாட்டார், பத்து வருஷம், இருபது வருஷம், முப்பது வருஷம் ஓட்டுவார். ஆனால் கடைக்காரர் ஒவ்வொரு வருஷமும் "புதுசா என்ன இருக்கு?" என்பார். சுலபமான பதில், நிறத்தை மாற்றுவது. அதே அச்சு, இந்த வருஷம் செவலை, அடுத்த வருஷம் மயிலை, அதற்கடுத்து கறுப்பில் வெள்ளைத் திட்டு. அப்படியென்றால் ஒரு குதிரைக்கு இரண்டு அடையாளம் ஆகிறது. அச்சு ஒன்று, அதன் மேல் பூசிய நிறமும் பூச்சும் இன்னொன்று. அச்சைப் பார்த்து "இது என்னிடம் இருக்கே" என்று புதிதாக வந்தவர் தாண்டிப் போவார். பழகியவர் நிறத்தைப் பார்த்து நிற்பார்.

எந்த நிறம் அரிதாகும்? பெரும்பாலும் அந்தக் காலத்தில் விற்காதது. இதற்கு நல்ல உதாரணம் 'டெக்கரேட்டர்' குதிரைகள். 1960களின் முற்பகுதியில் ப்ரேயருக்கு ஒரு யோசனை வந்தது. வரவேற்பறை அலங்காரத்துக்குப் பொருந்துகிற மாதிரி குதிரைகளுக்கு நிஜத்தில் இல்லாத நிறம் கொடுத்தால் என்ன? முழு நீலக் குதிரை, நீலத்தில் புள்ளி போட்ட குதிரை, பொன்னிறத்தில் புள்ளி போட்டது, பொன்னாக மின்னுகிற உடம்பும் வெள்ளைப் பிடரியும் உள்ளது என்று நான்கு வகை. வெட்ஜ்வுட், கோபன்ஹேகன், ஃப்ளாரன்டைன், கோல்டன் சார்ம் என்று பெயரெல்லாம் பிரமாதமாகத்தான் வைத்தார்கள். ஆனால் பொம்மைக் குதிரை வாங்கியது யார்? குதிரைப் பைத்தியம் பிடித்த சிறுமிகள். அவர்களுக்கு வேண்டியது நிஜக் குதிரை மாதிரி இருக்கிற குதிரை. நீலக் குதிரையை யார் சீந்துவார்கள்? கடைகளில் தேங்கியது, சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். அன்று தேங்கிய அந்த நீலக் குதிரைக்கு இன்று நல்ல நிலையில் இருந்தால் பல நூறு டாலர், சில சமயம் அதையும் தாண்டிக் கொடுக்கிறார்கள். எல்லோரும் ஆசைப்பட்டு வாங்கிய பொன்னிறப் பாலமினோ குதிரையோ பழைய சாமான் பெட்டிக்குப் பெட்டி கிடக்கிறது.

பூச்சிலும் இதே கதைதான். மரத்தில் செதுக்கியது மாதிரி ரேகை ஓட்டி ஒரு பூச்சு 1959 வாக்கில் வந்தது, 'வுட்கிரெய்ன்' என்பார்கள். மற்ற அச்சுகளில் அது 60களின் நடுவிலேயே நின்றுபோனது. பின்னங்காலில் எழும்பி நிற்கிற 'ஃபைட்டிங் ஸ்டாலியன்' மட்டும் அந்தப் பூச்சில் 1970களிலும் வந்துகொண்டிருந்தது. ஆக மரரேகைப் பூச்சைப் பார்த்தவுடனே அரிது என்று துள்ளக்கூடாது, எந்த அச்சின் மேல் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். நிற்கிற குதிரையில் என்றால் யோசிக்கலாம். எழும்பி நிற்பதில் என்றால் அவசரமில்லை, இன்னொன்று வரும்.

இன்னொரு வகை, எனக்கு ரொம்பப் பிடித்தது, 'சாக்கி'. 1973-ல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது மூலப்பொருளுக்குத் தட்டுப்பாடு. வெள்ளைப் பிளாஸ்டிக் போதவில்லை என்று கையில் கிடைத்த கலர் பிளாஸ்டிக் மிச்சங்களையெல்லாம் உருக்கி வார்த்தார்கள். அதன்மேல் நேரடியாக நிறம் அடித்தால் அடி நிறம் எட்டிப்பார்க்கும் இல்லையா, அதனால் முதலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பூச்சு ஒன்று, அதற்கு மேல் குதிரை நிறம். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சாதாரணக் குதிரையின் வெள்ளைக் கால் மெழுகு மாதிரி லேசாக ஒளி ஊடுருவித் தெரியும். சாக்கியின் கால் சுவரில் அடித்த சுண்ணாம்பு மாதிரி ஊமையாக இருக்கும். குளம்பின் அடியில் பூச்சு உதிர்ந்த இடத்தில் பச்சையோ பழுப்போ சாம்பலோ, என்ன மிச்சத்தை உருக்கினார்களோ அந்த நிறம் தெரியும். ஒரு உலக நெருக்கடியின் தடயம் பொம்மைக் குதிரையின் குளம்படியில் கிடக்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

சரி, வயது எப்படித் தெரியும்? இங்கேதான் கவிழ்க்க வேண்டும். ப்ரேயர் குதிரை என்றால் பின்னங்கால் தொடையின் உள்பக்கம் பாருங்கள். 1950களின் ஆரம்பக் குதிரைகளில் ஒன்றும் இருக்காது. 1960-ஐ ஒட்டி வட்டமாகக் கம்பெனி பெயர் பொறிக்க ஆரம்பித்தார்கள். 1970 வாக்கில் அதோடு 'யு.எஸ்.ஏ.' சேர்ந்தது. 1984-ல் ரீவ்ஸ் நிறுவனம் கம்பெனியை வாங்கிய பிறகு அந்தப் பெயரும் வரத் தொடங்கியது. ஆனால் ஒரு எச்சரிக்கை. முத்திரை என்பது அச்சில் செதுக்கியது, ஒருமுறை செதுக்கினால் அப்புறம் அந்த அச்சிலிருந்து வருவதிலெல்லாம் இருக்கும். ஆகவே முத்திரை "இதற்கு முன்னால் செய்ததில்லை" என்று மட்டும்தான் சொல்லும், எந்த வருஷம் செய்தது என்று சொல்லாது. வட்ட முத்திரை இருக்கிறதே, அப்போ 1960 என்று நினைத்து 1990களின் குதிரையை வாங்கியவர்கள் உண்டு. மேலே நிறம், கீழே முத்திரை, இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் கணக்கு வரும். கண்ணையும் பாருங்கள். ஆரம்ப காலக் குதிரைகள் பலவற்றில் கண்ணின் ஓரத்தில் கையால் தீட்டிய ஒரு வெள்ளைக் கோடு இருக்கும். பின்னால் செலவைக் குறைக்க விட்டுவிட்டார்கள். ஒரு கோடுதான், ஆனால் அது இருந்தால் அதே குதிரைக்கு மவுசு கூடுகிறது.

இப்போது ஈயத்துக்கு வருவோம். லண்டனில் வில்லியம் பிரிட்டன் குடும்பம் 1893-ல் ஒரு தந்திரம் கண்டுபிடித்தது. அதுவரை ஜெர்மனியிலிருந்து வந்த உருவங்கள் உள்ளே முழுக்க ஈயம், கனம் அதிகம், விலையும் அதிகம். இவர்கள் என்ன செய்தார்கள் என்றால், உருகிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் உறைந்ததும், நடுவில் இன்னும் திரவமாக இருப்பதைச் சட்டென்று கவிழ்த்துக் கொட்டிவிட்டார்கள். ஓடு மட்டும் மிஞ்சியது. உள்ளே கூடு, வெளியே குதிரை. ஈயம் மிச்சம், விலை குறைவு, ஜெர்மன் சரக்கு ஆட்டம் கண்டது. முதலில் எல்லாம் போர்வீரர்கள்தான். முதல் உலகப் போர் முடிந்தபோது, வீட்டுக்கு வீடு சாவு விழுந்த நாட்டில் பிள்ளைகளுக்குச் சிப்பாய் பொம்மை வாங்கித் தர யாருக்கும் மனமில்லை. அதனால்தான் 1920களின் தொடக்கத்தில் 'ஹோம் ஃபார்ம்' என்று பண்ணை மாடு, ஆடு, பன்றி, கோழி, வேலி, பால்காரி எல்லாம் வந்தன. அப்புறம் 30களில் மிருகக்காட்சிசாலை வரிசை. பிள்ளைகள் விளையாடுகிற சாமானில் ஈயம் கூடாது என்று கட்டுப்பாடு வந்து 1966-ல் ஈய வார்ப்பு நின்றது, பிளாஸ்டிக் அந்த இடத்தைப் பிடித்தது.

ஒரு பிரிட்டன்ஸ் ஈயப் பசுவைக் கையில் எடுத்துப் பார்த்தால் முதலில் ஏமாற்றமாக இருக்கும், உள்ளங்கையில் அடங்கிவிடும். கனத்தை எதிர்பார்த்துத் தூக்கினால் எடையே இல்லாத மாதிரி இருக்கும், கூடு என்பதால். எங்காவது ஒரு ஓரத்தில் ஊசி முனை அளவு ஓட்டை இருக்கும், மிச்ச ஈயத்தைக் கொட்டிய வழி. வயிற்றடியில் பொடி எழுத்தில் கம்பெனி பெயர். கால்கள் அவ்வளவு மெல்லியவை, விளையாடின பிள்ளை ஒருமுறை தரையில் போட்டால் போச்சு. கழுத்தை மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆடினால் உள்ளே தீக்குச்சி இருக்கிறது என்று அர்த்தம்! தலை ஒடிந்தால் உடம்புக் கூட்டுக்குள் ஒரு தீக்குச்சியைச் செருகி அதன்மேல் தலையை மாட்டிவிடுவது அந்தக் கால அப்பாக்களின் வைத்தியம். சேகரிப்பவர்கள் இதைக் குறை என்றுதான் எழுதுவார்கள், விலையும் விழும். எனக்கென்னவோ தீக்குச்சி மாடுகள் மேல் ஒரு தனி பாசம்.

ஈயத்தில் அரிது என்பது நிறத்தோடு நிற்பதில்லை, எது தப்பிப் பிழைத்தது என்பதும் கணக்கு. லண்டன் மிருகக்காட்சிசாலையில் சிம்பன்சிகளை மேசையில் உட்காரவைத்துத் தேநீர் விருந்து நடத்துவது ஒரு காலத்தில் பெரிய வேடிக்கை. டெய்லர் அண்ட் பாரெட் என்ற கம்பெனி அதைப் பொம்மையாகவே வார்த்தது. சிம்பன்சிகள் கிடைக்கும், குட்டிக் குட்டிச் சாமான்களோடு முழு செட் கிடைப்பதுதான் கஷ்டம். அந்தத் தட்டுகள் எத்தனை துடைப்பத்தோடு போயினவோ.

பழையது என்றாலே அரிது என்று நினைப்பவர்களுக்கு மருந்து, இங்கிலாந்தின் வேட் கம்பெனி செய்த 'விம்சி' பீங்கான் விலங்குகள். கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். 1950களில் பெட்டியில் அடுக்கிக் கடையில் விற்றவை கொஞ்சம் தேடப்படுபவை. ஆனால் 1967 முதல் கனடாவில் ரெட் ரோஸ் தேயிலைப் பெட்டிக்குள் ஒன்றொன்றாக இலவசமாகப் போட்டார்கள். அப்போது அந்தத் தேயிலை யார் கையில் இருந்தது தெரியுமா, நம்மூர்க் கடைகளில் பெயர்ப்பலகை தொங்கிய அதே புரூக் பாண்ட். இலவசமாகப் போனது கோடிக்கணக்கில். ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆன பீங்கான் முயல்தான், ஆனால் ஒரு டீ காசுக்குக் கிடைக்கும். ஆசைக்கு வாங்குங்கள், அழகானவை. முதலீடு என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள்.

அடுத்தது நிலை, அதாவது எவ்வளவு கெடாமல் இருக்கிறது. காது நுனி மூளியா, வால் ஒட்டியதா, நிறம் தேய்ந்து வெள்ளை தெரிகிறதா, மஞ்சள் பூத்திருக்கிறதா. ப்ரேயர் குதிரை இரண்டு பாதியாக வார்த்து ஒட்டி, ஒட்டிய கோட்டைக் கையால் தேய்த்து மறைத்தது. முதுகோரமாக, வயிற்றோரமாக அந்தக் கோட்டை விரலால் தடவுங்கள், பிளந்திருந்தால் தெரியும். இந்த வட்டாரத்தில் ஒரு சொல் வரும், 'பாடி'. நம்மூரில் பாடி என்றால் வேறு அர்த்தம், முதன்முறை "பத்து பாடி விற்பனைக்கு" என்று பார்த்து நானும் திடுக்கிட்டேன். நிறம் போய், காது ஒடிந்து, சேகரிப்புக்கு ஆகாது, வேறு நிறம் அடித்துப் பழக ஆகும் என்கிற குதிரைக்குத்தான் அந்தப் பெயர். நிறம் அடிப்பதே தனிக் கலை, அதில் பெரிய விற்பன்னர்கள் இருக்கிறார்கள். மறு நிறம் என்று சொல்லி விற்றால் தப்பே இல்லை. சொல்லாமல் விற்றால்தான் என் கறுப்புக் குதிரைக் கதை.

அதைக் கண்டுபிடிக்க வழி? ஆலையில் நிறத்தைக் காற்றுத் தூவியால் அடித்தார்கள், ஒரு நிறம் இன்னொன்றில் புகை மாதிரி கரையும். வீட்டில் பிரஷால் அடித்ததில் விளிம்பு தெரியும், பிரஷ் மயிர் போன தடம் சாய்ந்த வெளிச்சத்தில் கோடு கோடாக விழும். காதுக்குள், தாடைக்கடியில், வால் உடம்போடு சேருமிடத்தில், குளம்படியில் பாருங்கள். ரூபாய் நோட்டைச் சோதிக்கிற புற ஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள். பிற்காலத்துப் பெயின்ட்டும் பசையும் பல சமயம் சுற்றியிருப்பதைவிட வேறு மாதிரி ஒளிரும். ஈயத்தில் போலி என்பது வேறு விதம். பழைய மாட்டையே வைத்து அச்செடுத்து மறுபடி வார்ப்பார்கள். உலோகம் ஆறும்போது சுருங்கும், அதனால் நகல் அசலைவிடக் கடுகளவு சிறியது, கண் மூக்கு மழுங்கியிருக்கும். உள்ளே கூடு இல்லாமல் திடமாக வார்த்திருந்தால் கனமும் காட்டிக்கொடுக்கும். அளவு தெரிந்த அசல் ஒன்று கையில் இருந்தால் பக்கத்தில் நிறுத்தினாலே போதும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் தானம் கொடுத்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கலாம் என்பேன்.

பாதுகாப்பில் எல்லோரும் தவறவிடுகிற ஒன்று இருக்கிறது, நான் இதற்காகத்தான் பிளாஸ்டிக்கையும் ஈயத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டேன். ப்ரேயர் குதிரைகளின் பிளாஸ்டிக் செல்லுலோஸ் அசிடேட். பழைய சினிமாப் படச்சுருளும் இதே சாதிதான். பழைய சுருள் டப்பாவைத் திறந்தால் குப்பென்று வினிகர் நாற்றம் அடிக்கும் என்று சினிமாக்காரர்கள் சொல்வார்களே, அது பிளாஸ்டிக் சிதைந்து அசிட்டிக் அமிலம் கிளம்புவது. குதிரைகளிலும் சில, குறிப்பாக 1980களின் கடைசியில், 90களின் தொடக்கத்தில் செய்தவை, இப்படிப் பிசுபிசுவென்று கசிந்து சுருங்குகின்றன. இந்த அமில ஆவி ஈயத்துக்குப் பரம எதிரி. ஈய மாடு அதைச் சுவாசித்தால் மேலெல்லாம் வெள்ளைச் சாம்பல் மாதிரி பூக்கும், பிறகு உள்ளிருந்தே உதிரும். தேக்கோ ஓக்கோ, மர அலமாரியும் சாதாரண அட்டைப்பெட்டியும்கூடக் கொஞ்சம் கொஞ்சமாக இதே வேலையைச் செய்யும், ஓக் ரொம்ப மோசம். அதனால் வினிகர் வாடை வருகிற குதிரையைத் தனியாகக் காற்றாட வையுங்கள், ஈயத்தோடு ஒரே கண்ணாடிப் பெட்டியில் பூட்டாதீர்கள். ஈயத்தைத் தண்ணீரில் கழுவவும் வேண்டாம், மெல்லிய உலர்ந்த பிரஷ் போதும். அந்த வெள்ளைப் பொடி நஞ்சு, தொட்ட கையைக் கழுவுங்கள், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பிளாஸ்டிக் குதிரையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடைக்கலாம். ஆனால் கறை போகவில்லை என்று நெயில்பாலிஷ் ரிமூவரைத் தொட்டுவிடாதீர்கள், அதிலிருக்கும் அசிடோன் குதிரையையே கரைக்கும். நம்மூர் மே மாதத்தில் பூட்டிய காருக்குள் பார்சலை விட்டுவிட்டுப் போனால் கால் வளைந்துபோய் நிற்கவே நிற்காது. வளைந்த காலைச் சுடுதண்ணீரில் காட்டி நிமிர்த்துகிறவர்கள் இருக்கிறார்கள், அதைப் பாடி ஒன்றில் பழகிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால், என் யோசனை இது. ஒரே ஒரு அச்சைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு எந்த உருவம் பிடிக்கிறதோ அது, ஓடுகிற குதிரையோ, நிற்கிற காளையோ. அதன் எல்லா நிறங்களையும் வரிசையாகச் சேர்ப்பதை 'காங்கா' என்பார்கள், நடன வரிசை மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால். முதலில் மலிவான, எங்கும் கிடைக்கிற நிறத்தை வாங்குங்கள். அது கையில் இருந்தால் அச்சின் அளவு, கோடு, முத்திரை இடம் எல்லாம் விரலுக்குப் பழகிவிடும். அப்புறம் அரியது எதிரில் வரும்போது கண்ணைவிட விரல் முதலில் சொல்லும். அச்சு எண், நிறம், எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை என்று போட்ட பட்டியல் நூல்கள் இருக்கின்றன, குதிரை வாங்குமுன் அந்த நூலை வாங்குவது உத்தமம். விற்பவர் கேட்டிருக்கும் தொகையை வைத்து விலையை முடிவு செய்யாதீர்கள், போன மாதம் என்ன விலைக்கு விற்று முடிந்தது என்று பாருங்கள். விற்பவரிடம் வயிறு, குளம்படி, காதுக்குப் பின்னால் மூன்று இடத்துக்கும் படம் கேளுங்கள். எடுத்துத் தர மறுத்தால் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

என் கறுப்புக் குதிரை இன்னும் அலமாரியில்தான் நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் இதில் ஆர்வம் காட்டினால் அதை எடுத்துக் கையில் கொடுத்து, இதில் என்ன தப்பு என்று கண்டுபிடியுங்கள் பார்ப்போம் என்பேன். வயிற்றைப் பார்ப்பார்கள், முத்திரையைப் பார்ப்பார்கள், அசல் அச்சு என்பதால் அதெல்லாம் சரியாகவே இருக்கும். இதுவரை ஒரே ஒருத்திதான் கண்டுபிடித்திருக்கிறாள், என் அக்கா மகள், ஒன்பது வயது. குதிரையை வாங்கிக் காதில் ரகசியம் சொல்வது மாதிரி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனவள், "மாமா, இதுக்குக் காதுக்குப் பின்னாடி அழுக்கு இருக்கு" என்றாள்.